இரும்பு செய்யாத வேலை

அத்தியாயம் 17

போன வாரம் சாப்பாட்டு மேசையில் பெரியவள் சொன்ன வார்த்தையை நீங்கள் மறந்திருந்தாலும் மறந்திருப்பீர்கள். சின்னவள் மறந்திருக்க மாட்டாள்.

“முறையில ஒண்ணும் கோளாறு இல்ல. உன் வேலையில சுத்தம் பத்தாது, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள் பெரியவள். அப்பா தட்டைப் பார்த்தபடி இருந்தார். சின்னவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கா, தங்கை இருவருமே வேதியியல் படித்தவர்கள். பெரியவள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. உலோகத்தையும் கரிமத்தையும் நேரடியாகப் பிணைத்து வேலை வாங்குகிற கரிம உலோக வேதியியல் அவளுடைய துறை. சின்னவள் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள்.

மருந்து செய்யும்போது இரண்டு மூலக்கூறுத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்க வேண்டியிருக்கும். அவை தாமாக ஒட்டுவதில்லை. நடுவில் ஒரு உலோகம் புகுந்து, இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டு, தான் அப்படியே நழுவிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் வினையூக்கி. ஊர் உலகமெல்லாம் இதற்குப் பல்லேடியத்தைப் போடுகிறது. அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெரியவளோ சாதாரண இரும்பை வைத்தே அந்த வேலையை முடித்துக் காட்டினாள். அதிலிருந்து அவளுக்கு ஏறுமுகம்தான். மாநாடு, மாலை, மேடை. அப்பாகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘புரொபசரம்மா’ என்று ஆரம்பித்துவிட்டார்.

தங்கையின் தொழிற்சாலை அந்த முறையை எடுத்துக்கொண்டது. வேலையைச் சின்னவளிடம் கொடுத்தார்கள். அவள் தலைகீழாக நின்று பார்த்தாள், வினை நடக்கவே இல்லை. கடைசியில் தொழிற்சாலை மேலாளர் பெரியவளுக்கே போன் போட்டுக் கேட்டார்.

“முறை சரியாத்தான் இருக்கு சார். செய்யறவங்க கையிலதான் இருக்கு” என்றாள் பெரியவள். செய்கிறவள் தன் தங்கை என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அதன் பலன் இன்று மதியம். சின்னவளை என்ன செய்வது என்று முடிவெடுக்க மேலாளர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

*

சனிக்கிழமை காலை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. நல்லவேளை.

பெரியவள் புற ஊதா விளக்குக்குக் கீழே விரல் அகலத்தில் இரண்டு தகடுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினை நடந்ததா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. குடுவையிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டுத் தகட்டில் வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், கலவையில் இருக்கிற ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறி நின்றுவிடும். துண்டுகள் இரண்டும் ஒட்டியிருந்தால் நடுவில் புதிதாக ஒரு புள்ளி தெரியும்.

முதல் குடுவையில் இரும்பு போட்டிருந்தாள். உள்ளே சுழன்று கலக்குவதற்குப் பொட்டலத்தைப் பிரித்து எடுத்த புதுக் காந்தத் துண்டு. தகட்டின் நடுவில் ஒன்றுமில்லை.

இரண்டாவது குடுவையில் இரும்பே கிடையாது. அவளுடைய பழைய காந்தத் துண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தகட்டின் நடுவில் புள்ளி, மை தெறித்தது போலப் பளிச்சென்று.

விளக்கை அணைத்தாள். திரும்பப் போட்டாள். புள்ளி அங்கேயேதான் இருந்தது.

இரும்பு எதுவும் செய்யவில்லை. என்றைக்குமே செய்ததில்லை.

அந்தக் காந்தத் துண்டுகள் அவளுடைய செல்லங்கள். வெள்ளைப் பூச்சு போட்ட, மாத்திரை அளவு துண்டுகள். ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், விடிந்தால் அடைந்தால் பல்லேடியத்தோடு மாரடித்த ஆய்வகத்திலிருந்து அவள் கூடவே கொண்டுவந்தவை. வெள்ளை போய்ச் சாம்பல் பூத்துவிட்டது. அவற்றைப் போட்டால் வினை நடக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். ராஜ திராவகம் என்கிற கடும் அமிலத்தில் ஊறவைத்திருந்தால் ஒட்டியிருந்த உலோகமெல்லாம் கரைந்து ஓடியிருக்கும். பூச்சு கெட்டுவிடுமோ என்று பொத்திப் பொத்தி வைத்து, சோப்புத் தண்ணீரில் மட்டுமே கழுவினாள். பூச்சின் கீறல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கியிருந்த பல்லேடியம்தான் இவ்வளவு நாளாக வேலையைச் செய்திருக்கிறது. பெயரை இரும்பு தட்டிக்கொண்டு போனது.

இரும்பு இல்லாமல் செய்து பார்க்காமலா பேராசிரியை ஆனாள் என்று கேட்பீர்கள். பார்த்தாள். ஆரம்பத்திலேயே பார்த்தாள். அன்றைக்கு வினை நடக்கவில்லை, ‘இரும்புதான் வினையூக்கி’ என்று முடிவு கட்டினாள். ஆனால் நடக்காது என்று தெரிந்த வினைக்கு நல்ல காந்தம் எதற்கு என்று, அந்த ஒரு குடுவைக்கு மட்டும் மேசை இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒரு புதுத் துண்டைப் போட்டிருந்தாள். அந்தச் சிக்கனம்தான் அவளைக் கவிழ்த்தது.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் சின்னவள் கேட்டது இதைத்தான். “இரும்பே போடாம, அதே காந்தத்த வச்சு ஒரு தடவை பண்ணிப் பாத்தியாக்கா?” என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் ‘சுத்தம் பத்தாது’ என்று பதில் வந்தது. தங்கையின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்றுதான் பெரியவள் நேற்று இந்தக் குடுவைகளையே ஏற்றினாள்.

தங்கையின் ஆய்வகத்தில் ஒவ்வொரு தடவையும் புதுக் காந்தம்தான் போட வேண்டும். மருந்துத் தொழிற்சாலையில் அப்படித்தான். ஆக, அவள் சுத்தமாக இருந்ததனால்தான் தோற்றாள்.

ஆராய்ச்சியில் தப்பு நடப்பது சகஜம். அதற்காக யாரும் நாண்டுகொள்ள வேண்டியதில்லை. பெரியவளுக்கு முகமெல்லாம் எரிந்தது அதற்காக இல்லை. போனில் சொன்ன அந்த வாக்கியமும், அதைச் சொல்லும்போது அடிமனசில் எட்டிப் பார்த்த ஒரு சின்ன சந்தோஷமும்தான் அவளைப் பிடித்து உலுக்கின. தங்கையால் முடியவில்லை, நம்மால் முடிந்தது. அந்தச் சந்தோஷம் இருந்தது. இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட இன்று அவளுக்கு வாய் வரவில்லை.

*

தங்கையின் தொழிற்சாலைக்குக் கிளம்பி வந்தவள், பல்கலைக்கழக வாசலில் அப்பா தேய்த்த சட்டையோடு நிற்பதைப் பார்த்தாள்.

“நீங்க எதுக்குப்பா?”

“பாப்பாவ உள்ள கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேக்கப் போறாங்க. நான் வீட்ல உக்காந்து டிவி பாக்கணுமா? எடு வண்டிய.”

அப்பா காலமெல்லாம் ரயில் ஓட்டியவர். வேறு ஒருவர் வண்டி ஓட்டினால் பொறுக்காது. காரில் உட்கார்ந்ததிலிருந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

“புரொபசரம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கப்பா.”

“அவ சின்னதுலேருந்தே அவசரக் குடுக்கை. எனக்குத் தெரியாதா? உன்ன மாதிரி நிதானம் அவளுக்குக் கிடையாது. ஏதோ சொதப்பிட்டா. அதுக்காக வேலைய விட்டு அனுப்பிடாம, நீ அந்த மேனேஜர்கிட்ட ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லணும். நீ சொன்னா கேப்பாங்க. தங்கச்சிய மன்னிச்சு விட்டுடுங்கன்னு கேளு. உனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.”

உண்மை பெரியவளின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை மென்று விழுங்கினாள்.

“சிக்னல், சிக்னல்!” என்று அப்பா காலை அழுத்தினார்.

“பாத்துட்டேன்ப்பா.”

“பாத்தா சரி. அன்னிக்கு நீ சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனா தப்பில்ல. அக்கா சொல்லாம வேற யார் சொல்லுவா? ராத்திரி நானும் அவகிட்ட அதத்தான் சொன்னேன். அக்கா சொல்றது உன் நல்லதுக்குத்தான்னு.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. சிரிச்சா.”

அந்தச் சிரிப்பு வழி நெடுகப் பெரியவளோடு வந்தது. காரை நிறுத்திவிட்டுச் சொல்லிவிடலாமா என்று இரண்டு மூன்று தடவை தோன்றியது. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு கைகொடுத்தது. முதலில் லாரி பின்னால் வந்தது. அப்புறம் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். அப்புறம், சொல்ல வேண்டியது தங்கையிடம்தானே, அப்பாவிடம் எதற்கு. சாக்குகளுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

*

தொழிற்சாலையின் வரவேற்பறையில் நாற்காலிகள் எல்லாம் தரையோடு பூட்டியிருந்தன. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவள் வந்தாள். வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. பாதுகாப்புக் கண்ணாடி அழுத்திய தடம் இரண்டு கன்னத்திலும் சிவப்பாகத் தெரிந்தது. காலையிலிருந்து வேலை செய்திருக்கிறாள். தன்னை விசாரிக்கப் போகிற நாளிலும் வேலை செய்திருக்கிறாள் என்று நினைத்ததும் பெரியவளுக்குச் சுருக்கென்றது.

“நீயும் வந்தியாக்கா?” என்றாள் சின்னவள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“சும்மா... அப்பா கூப்பிட்டார்.”

அப்பா முகம் சுளித்தார். “நான் கூப்பிடலேன்னா வரமாட்டியா?”

பெரியவள் தங்கையை ஜன்னல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். இதோ, இப்போது சொல்லிவிட வேண்டியதுதான். ஒரே ஒரு வாக்கியம். என் முறை தப்பு. மூன்று சொல்.

“நான் நேத்து ஒரு டெஸ்ட் போட்டேன்” என்று ஆரம்பித்தாள்.

சின்னவள் அவள் முகத்தையே பார்த்தாள். “ம்.”

“உங்க மேக்னட் இருக்கே... நீங்க ஒவ்வொரு தடவையும் புதுசு போடறீங்க இல்ல? அதுல ஒரு பிரச்சினை இருக்கலாம்னு தோணுது.”

வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று பெரியவளுக்கே உறைத்தது. உண்மைக்குப் பக்கத்து வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருந்தாள். அதிலும் பழி இன்னும் தங்கையின் தலையில்தான் இருந்தது.

“புது மேக்னட்ல பிரச்சினையா?” என்று கேட்டாள் சின்னவள் மெதுவாக.

“இருக்கலாம்னுதான் சொன்னேன். உறுதியா...”

“புதுசா இருக்கறது பிரச்சினையாக்கா?”

பெரியவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அழைப்பு வந்துவிட்டது. வந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நிமிஷமே உடம்பு கூசியது.

*

மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். தங்கமான மனிதர். பெரியவளுக்கு நல்ல நாற்காலியை நகர்த்திப் போட்டார். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். சின்னவள் கதவோரமாக நின்றுகொண்டாள்.

“மேடமே நேர்ல வருவீங்கன்னு எதிர்பார்க்கல. உங்க நேரத்த வீணாக்க வேண்டாம், முடிஞ்சு போன விஷயம்தான். உங்க தங்கச்சி நேத்தே வந்து பேசிட்டாங்க. முறையில குறை இல்ல, தப்பு என்னோடதுதான்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.”

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் கண்ணாடித் தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நேர்மையா ஒத்துக்கிட்டதனால வேலைய விட்டு எடுக்கல. ஆய்வகத்துலேருந்து கிடங்குக்கு மாத்தறோம். வர்ற பீப்பாய், போற பீப்பாய பாத்துக்கணும். சம்பளத்துல கைவைக்கல. உங்க முறைய வேற ஒரு ஆள வச்சு முயற்சி பண்ணப் போறோம். என்ன மேடம், சரிதானே?”

எல்லாம் கூடி வந்திருந்தது. வேலை போகவில்லை, பேர் கெடவில்லை, அப்பாவின் முகத்தில் கவலையும் விட்டுப் போயிருந்தது. பெரியவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும்.

அவள் சும்மாகூட இருக்கவில்லை.

“ரொம்ப நன்றி சார்” என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்தாள். தங்கைக்கு உயிரான ஆய்வகத்தைப் பிடுங்கிக் கையில் பீப்பாயைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அக்கா நன்றி சொல்லிவிட்டு வருகிறாள்.

*

நடைபாதையில் அப்பாதான் முதலில் பேசினார். “பாத்தியா, புரொபசரம்மா மூஞ்சிக்காக விட்டுட்டாங்க. பாப்பா, அக்காவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு.”

“சொல்றேன்ப்பா. நீங்க போய் அந்த நாற்காலியில உக்காருங்க, தோ வந்துடறோம்.”

அப்பா நகர்ந்ததும் சின்னவள் கேட்டாள். “பல்லேடியம்தானே?”

பெரியவள் சட்டென்று அப்பா போன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உன் பழைய மேக்னட்ல ஒட்டிட்டு இருக்கு. அதானே?”

“உனக்கு... எப்படி?”

“எல்லாம் சுத்தமா இருந்தா நடக்கல. அப்போ உன் எடத்துல ஏதோ அழுக்கு இருக்கணும். இங்க ஒரு சொட்டு பல்லேடியக் கரைசல் விட்டுப் பாத்தேன். உன் வினை அப்படியே நடந்துச்சு. அதுக்கப்புறம்தான் அன்னிக்கு சாப்பிடும்போது உன்கிட்ட கேட்டேன்.”

“தெரிஞ்சேவா கேட்ட?”

“தெரிஞ்சேதான்.”

“அப்போ ஏன் அவர்கிட்ட சொல்லல? ஏன் உன்மேல போட்டுக்கிட்ட?”

“நான் சொன்னா என்ன சொல்லிருப்பீங்க? தன் தப்ப அக்கா தலையில கட்டறான்னு. அப்பாவே சொல்லிருப்பார்.” சின்னவள் தொப்பியைக் கழற்றினாள். “நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். இன்னிக்கு உன் வண்டிய வாசல்ல பாத்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஓடி வந்தேன்.”

அவள் குரல் உடையவில்லை. அழுதிருந்தால் பெரியவள் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுது, ஒரு வழியாக மீண்டிருப்பாள். சின்னவள் அந்த வசதியைக்கூடக் கொடுக்கவில்லை.

“மேக்னட் புதுசா இருக்கறது பிரச்சினைன்னு சொன்னே பாரு” என்றாள், “அப்பதான்க்கா எனக்கு நம்பிக்கை விட்டுப் போச்சு.”

பெரியவள் நிமிர முடியாமல் நின்றாள். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கேள்விகளுக்குக் கூசாமல் பதில் சொன்னவள். தங்கையின் செருப்பையே பார்த்துக்கொண்டு கூனிக் குறுகி நின்றாள். இந்த வெட்கம் இனிமேல் தன்னை விட்டுப் போகாது என்று தெரிந்தது. போகவும் கூடாது என்று தோன்றியது.

“நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்.”

“வேணாம். முடிஞ்சு போச்சு.”

“முடியல.”

“அக்கா, வேணாம்னா கேளு!”

பெரியவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று நடந்து மேலாளரின் கதவைத் தட்டித் திறந்தாள்.

“வாங்க மேடம். எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?”

“மறக்கல சார். சொல்லாம போயிட்டேன்.”

நின்றபடியே சொன்னாள். இரும்பு வினையூக்கி இல்லை. தன் காந்தத் துண்டில் ஒட்டியிருந்த பல்லேடியம்தான் வினையூக்கி. தங்கை செய்தது அத்தனையும் சரி. போனில் தான் சொன்னது அவதூறு. சொல்லச் சொல்ல மேலாளரின் முகத்திலிருந்த மரியாதை ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். தலையைத் திருப்பவில்லை. இறங்கட்டும்.

மேலாளர் மேசைமேல் இருந்த பேனாவைக் கையில் எடுத்தார்.

“மேடம், உங்க முறைய நம்பி நாங்க மருந்தே தயாரிக்க இருந்தோம். இங்க வேலை செய்யற யாராவது, அந்த முறை தப்புன்னு தெரிஞ்சும் என்கிட்ட மறைச்சிருந்தா, அவங்கள ஒரு நாள்கூட நான் வச்சுக்க முடியாது. கிடங்குலகூட.” பேனாவைக் கீழே வைத்தார். “அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த விஷயம் உங்க தங்கச்சிக்கு முன்னாடியே தெரியுமா?”

இதற்குத்தான் வேண்டாம் என்று சின்னவள் தடுத்திருக்கிறாள். பெரியவளுக்கு இப்போதுதான் விளங்கியது. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“தெரியாது” என்றாள் பெரியவள்.

“தெரியும் சார்” என்றாள் சின்னவள், அதே மூச்சில்.

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், வாசலில் விழித்துக்கொண்டு நின்ற அப்பாவிடம் “நீங்க கொஞ்சம் வெளியில இருங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.